வானம் உறையவைக்கும் மைதானம்

சிம்லாவில் ரிட்ஜ் திடலுக்குக் கீழே, லக்கட் பஜார் பக்கத்தில், பனிச்சறுக்கு மைதானம் ஒன்று உண்டு. 1920-ல் ப்ளெசிங்டன் என்பவர் தொடங்கியது. டென்னிஸ் ஆடுகளம் ஒன்றில் தண்ணீர் விட்டு உறையவைத்தார் என்பார்கள். குளிரூட்டும் இயந்திரத்தை நம்பாமல், திறந்த வானத்தின் கீழ் இயற்கைக் குளிரிலேயே வளர்ந்த மைதானம் அது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் ஆட்டம்.

இயந்திரம் இல்லாமல் தண்ணீர் எப்படி உறைகிறது? அந்த இயற்பியல் காரைக்காலிலும் நடக்கிறது. மார்கழி, தையில் திருநள்ளாற்றுப் பக்கம் விடியற்காலையில் வரப்பில் நடந்தால், மேகமில்லாமல் காற்றடங்கிய இரவுக்குப் பின் நெற்பயிரெல்லாம் பனித்துளியில் நனைந்திருக்கும். மூட்டமான இரவில் அந்தப் பனி இறங்காது. பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவில் அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு அனுப்புகிறது. மேகம் இருந்தால் அதில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். தெளிந்த வானமோ போகவிடும். இலையும் மண்ணும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். கடலோரத்தில் அந்தக் குளிர்ச்சி ஈரத்தைத் துளியாக்குவதோடு நிற்கிறது. சுமார் 2,200 மீட்டர் உயரத்திலுள்ள சிம்லாவில் தண்ணீரை உறையவைக்கிறது.

ஆகவே மைதானத்தில் வேலை செய்பவர்கள் மாலையிலேயே வானத்தைப் பார்க்கிறார்கள். தெளிவாக இருந்தால் குழாயால் தண்ணீர் தெளிப்பார்கள், மெல்லிய படலமாக. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். தண்ணீரைத் தேக்கிவிட்டால் ஒரே இரவில் அத்தனையும் வெளியேறாது. படலத்தின்மேல் படலமாக ஏறும் இந்தப் பொறுமையான கைவேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பனி பொழிந்தால் மைதானத்துக்கு நல்லது என்று நினைத்துவிட வேண்டாம்! பஞ்சுபோன்ற பனி பரப்பைச் சொரசொரப்பாக்கும். வெப்பம் வெளியேறாமல் போர்த்தியும் விடும்.

இனி சறுக்கல். ஸ்கேட் காலணியின் அடியில் மெல்லிய எஃகுத் தகடு. உடல் எடை அதில் அழுத்துவதால் பனிக்கட்டி உருகி வழுக்குகிறது என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. அழுத்தத்தால் உருகுநிலை சிறிதளவே குறையும்; ஆனால் கடுங்குளிரிலும் ஸ்கேட் வழுக்குகிறதே! பனிக்கட்டியின் மேற்பரப்பு மூலக்கூறுகள் இயல்பாகவே தளர்ந்து, கிட்டத்தட்ட நீர்மம்போல் இருக்கின்றன. ஃபாரடே 1850-லேயே இதை ஊகித்தார். ஓடும் தகட்டின் உராய்வு வெப்பமும் கூடச்சேர்கிறது.

அண்மை ஆண்டுகளில் குளிர் குறைந்து, ஆட்ட நாட்களும் சுருங்கிவருவது உண்மையிலேயே வேதனையான செய்தி. போக நினைப்பவர்கள் முந்தைய இரவின் வானத்தை விசாரித்து, வெயில் ஏறுமுன் காலை ஆட்டத்துக்குப் போய்விடுங்கள். ஸ்கேட் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். தடித்த காலுறையும் கையுறையும் கொண்டுபோங்கள். முழங்காலை மடக்கி, உடலைச் சற்று முன்சாய்த்து நில்லுங்கள். விழப்போவது தெரிந்தால் பின்பக்கம் சாயாமல் பக்கவாட்டில் விழுங்கள், தலை தப்பும்.