காவிரி மீனுக்குக் கணக்கு உண்டா?

காவிரி நீருக்குக் கணக்குப் பார்க்கிறோம், டி.எம்.சி. தவறினால் வழக்காடுகிறோம். வழக்காட வேண்டியதுதான். ஆனால் அந்த நீரில் வாழும் உயிருக்குக் கணக்கு வைத்திருப்பவர் யார்?

திமில் மகசீர் என்றொரு மீன். காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. 1946-ல் கபினியில் பிடிபட்ட ஒன்று 120 ராத்தல் நிறை! 1873-லேயே எச்.எஸ்.தாமஸ் இதைப் பற்றி நூலில் எழுதினார். ஆயினும் இதன் அறிவியல் பெயர் இன்னதென்று 2018-ல்தான் தீர்மானமாயிற்று. அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் நிற்கும் இனமென்று உலகப் பட்டியலிலும் ஏறிவிட்டது. பெயர் சூட்டிய கையோடு பாடை கட்டுவதா?

அணைகள் வழியை மறித்தன. வெடியும் நஞ்சும் மடுக்களைச் சூறையாடின. இவை போதாவென்று, நல்லெண்ணத்தோடு செய்த காரியமும் வினையாயிற்று. கிருஷ்ணா ஆற்றுக்குரிய நீலத்துடுப்பு மகசீரின் குஞ்சுகளை லோனாவாலாவில் பொரித்து, காவிரியில் கொண்டுவந்து விட்டார்கள். விளைவு? 1998 முதல் 2012 வரையில் தூண்டில்காரர் எழுதிவைத்த குறிப்புகளே சாட்சி. வந்த மீன் பெருகிற்று; சொந்த மீன் அருகிற்று. அகப்பட்ட சிலவும் பெருத்த கிழமீன்கள். கிழவர் மட்டும் இருந்து, தொட்டில் ஆடாத ஊர் எத்தனை நாள் ஊராக இருக்கும்?

“மகசீர் பெருகிவிட்டது” என்று மார்தட்டுவோரைக் கேட்கிறோம்: எந்த மகசீர்?

குஞ்சு விடுவது மட்டும் திட்டமாகாது. எந்த மடுவில் எத்தனை மீன் உண்டென்று முதலில் எண்ண வேண்டும். அயல் குஞ்சு விடுவதை நிறுத்த வேண்டும். 2018 ஆராய்ச்சிக்கு மீன் தந்த மாயாற்றைக் கண்போல் காக்க வேண்டும். மின்சாரத்துக்காக நீரைத் திறந்து மூடும்போது, முட்டையிடும் காலத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். தமிழகம், கருநாடகம், கேரளம் மூன்றும் கூடி ஒரே திட்டம் வகுக்க வேண்டும். மீனுக்கு எல்லைக்கல் தெரியாது!

ஆற்றை நம்பிப் பிழைக்கும் மீனவரை விரட்டிவிட்டுத் தீட்டும் திட்டத்தை நாம் ஏற்கமாட்டோம். இலாகாவின் கோப்பு அறியாத மடுக்களை அறிந்தவர்கள் அவர்கள். அவர்களையே காவலராக்குங்கள், கூலியும் கொடுங்கள்.

மேட்டூர் அணையைக் கட்டிய காலத்தில் மீனின் கதி அறியாமல் கட்டினார்கள் என்று மன்னிக்கலாம். இன்று அறிந்திருக்கிறோம். அறிந்தபின் வாளாவிருப்பது குற்றமன்றோ!