அலைவாய்க் கரையில் அமுது

திருச்செந்தூருக்குப் புறப்படும் முதியோர் பலர் என்னிடம் முதலில் கேட்பது தரிசன நேரத்தை அன்று. ‘அங்கே வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும்படி எங்கே சாப்பிடலாம்?’ என்பதைத்தான். அதையும் சற்றுக் கூச்சத்துடனேயே கேட்பார்கள். முருகனைக் காணச் செல்லும் இடத்தில் உணவைப் பற்றி விசாரிப்பதா என்ற தயக்கம் அவர்களுக்கு. அந்தத் தயக்கம் வேண்டியதே இல்லை. அறுபடை வீடுகளுள் கடலோரத்தில் அமைந்த ஒரே தலமாகிய அத்திருச்சீரலைவாயில், ஆண்டவன் சந்நிதியிலேயே உணவுக்கு ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டிருக்கிறது. அதை நான் அறிந்துகொண்டது ஒரு சங்கடத்தின் வழியாகத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையாரை அழைத்துச் சென்றிருந்தேன். அப்போது அவருக்கு வயது 71. சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர். ‘சுவாமியைப் பார்க்கும் முன் பச்சைத் தண்ணீரும் பல்லில் படக்கூடாது’ என்பது எங்கள் தாயார் வழி வந்த வழக்கம். அன்று கிருத்திகை. விடியுமுன் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுக் கடலாடி, ஈரக் கூந்தலுடன் வரிசையில் நின்றார். ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். கை நடுங்க, முகமெல்லாம் வேர்க்க, சுவரோடு சாய்ந்து அமர்ந்துவிட்டார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பின்னால் நின்ற கிராமத்து அம்மையார் ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்தார். “விரதத்த அவன் பாத்துக்கிடுவான். நீங்க இத மொதல்ல வாயில போடுங்கம்மா” என்றார். சிறிது நேரத்தில் தமக்கையார் எழுந்து நின்றார்.

பிற்பாடு கோயில் வழக்கங்களை அறிந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “முருகனே காலையில் பசியோடு இருப்பதில்லையே! உதயமார்த்தாண்டக் கட்டளையில் அவனுக்குத் தோசையும் சிறுபருப்புக் கஞ்சியும் நிவேதனம் ஆகிறதே” என்றார். தமக்கையார் அதைக் கேட்டு நெடுநேரம் பேசவில்லை.

அந்நிவேதனப் பட்டியலை முதியோர் ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. மூலவருக்குப் படைக்கப்படுவனவற்றில் காரமும் புளியும் சேர்ப்பதில்லை. சர்க்கரைப் பொங்கல், வடை, சுகியன், அப்பம், அதிரசம், தேன்குழல், தினைமாவு, பிட்டமுது, கற்கண்டு, பேரீச்சம்பழம் என்று பட்டியல் நீளும். இனிப்பு நமக்கு ஆகாதெனினும், புளியும் மிளகாயும் இல்லாத அந்த வழி நம் வயதுக்கு மிகவும் உகந்தது. நெல்லைச் சீமைக் குழம்பின் புளிப்பையும் உறைப்பையும் அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆகவே மாத்திரை உண்போர் விடியலில் ஒரு குவளைக் கஞ்சியோ இரண்டு இட்டிலியோ உண்ட பின்பே வரிசையில் நிற்கலாம். சந்நிதித் தெருவிலும் பேருந்து நிலையம் செல்லும் வழியிலும் சைவ உணவகங்கள் பல உண்டு. பெயர்ப் பலகையைப் பார்ப்பதைவிட இட்டிலிக் கொப்பரையில் ஆவி பறக்கிறதா என்று பார்ப்பதே என் வழக்கம். மருந்தும் உணவும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை மட்டும் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

கடலாடிய பின் நாழிக்கிணற்றில் நீராடுவது மரபு. சூரனோடு போரிட்ட படையினரின் தாகம் தீர முருகன் வேலால் உண்டாக்கியது என்பது தலபுராணம். பெரிய கிணற்றுக்குள் ஓரடி அளவே உள்ள சிறு கிணறு. உப்புக் கடலின் ஓரத்திலேயே அதன் நீர் தித்திக்கிறது. தீர்த்தமாக உள்ளங்கை அளவு அருந்தினால் போதும். தாகத்துக்குக் காய்ச்சி ஆறிய நீரைக் கையோடு கொண்டு செல்வதே நலம். படிகள் வழுக்கும், துணையின்றி இறங்க வேண்டாம்.

நண்பகலில் இங்கே காண வேண்டிய காட்சி ஒன்று உண்டு. உச்சிக்கால பூஜை முடிந்ததும் பாலும் அன்னமும் மேளவாத்தியத்துடன் கடற்கரைக்கு எடுத்துச் செல்லப்பட்டுக் கடலில் கரைக்கப்படும். இதற்குக் கங்கை பூஜை என்று பெயர். கடலுக்கும் ஒரு கவளம் தந்த பிறகு நாம் பந்தியில் அமரலாம். இத்திருக்கோயிலில் 2021 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடைபெறுகிறது. குழம்பு ஆகாதவர்கள் மோரை ஊற்றிப் பிசைந்து உண்டு எழலாம். யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். ‘இலவசச் சாப்பாட்டில் அமர்வதா’ என்று சில பெரியவர்கள் தயங்குகிறார்கள். அது சோறு என்ற பெயரில் வரும் பிரசாதம் அல்லவா! மனம் ஒப்பாவிடில், இயன்றதை உண்டியலில் சேர்த்துவிட்டு உண்ணுங்கள்.

மாசி, பங்குனி தொடங்கி ஆனி வரை சென்றால் பதநீர் கிடைக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்குவதால் அது புளித்துக் கள்ளாவதில்லை. பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். முற்பகலில் குடிப்பதே சிறப்பு. வெயில் ஏறிய பின் விற்பதை நான் வாங்குவதில்லை. தை மாதமாயின் அவித்த பனங்கிழங்கு. பல் இல்லாதவர்கள் அதை இடித்து உப்பும் மிளகும் சேர்த்து உண்ணலாம். அருகிலுள்ள உடன்குடியின் கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ‘சர்க்கரை நோய்க்கு நல்லது’ என்று சொல்லிச் சிலர் அதை விற்கக்கூடும். அதுவும் இனிப்பே. என் தமக்கையாரைக் காத்த அந்தத் துண்டு மயக்கத்துக்கு மருந்து. நாள்தோறும் உண்பதற்கு அன்று.

மாலையில் மணற்பரப்பில் சுண்டலும் வேர்க்கடலையும் வரும். பலமுறை காய்ந்த எண்ணெயில் பொரித்த பஜ்ஜியைப் பேரப் பிள்ளைகளுக்கும் தவிர்த்துவிடுங்கள்.

இரவு பூஜையில் செந்திலாண்டவனுக்குப் பாலும் சுக்கு வெந்நீரும் நிவேதனம். சென்ற ஆண்டு மீண்டும் சென்றபோது, அந்நேரத்தில் நானும் தமக்கையாரும் வெளியே மணலில் அமர்ந்து, கருப்பட்டி சேர்க்காமல் கேட்டு வாங்கிய சுக்கு நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தோம். அன்று காலை கஞ்சி குடித்த பின்பே அவர் வரிசையில் நின்றிருந்தார். நாக்கைச் சுட்டுக்கொண்டவர் குவளையைக் கீழே வைத்து, கோபுர விளக்கைப் பார்த்தபடி கேட்டார்: “ஏன் தம்பி, அவனுக்காவது கொஞ்சம் ஆறவச்சுக் கொடுப்பாங்களா?”