வண்டா, கோடரியா? சால மரக் காடுகளின் இரட்டை ஆபத்து

தென்மேற்குப் பருவமழையின் முதல் மழை பெய்ததும், மத்தியப் பிரதேசத்தின் மண்டலா, டிண்டோரி, பாலாகாட் மாவட்டக் காடுகளில் சால மரங்களைத் துளைத்துக்கொண்டு நீண்ட கொம்புகளையுடைய வண்டுகள் வெளியே வருகின்றன. 'ஹோப்லோசெராம்பிக்ஸ்' என்று அறிவியலாளர்கள் பெயரிட்டுள்ள இந்த வண்டினம், மரம் ஒன்றை ஓராண்டுக்குள் பட்டுப்போகச் செய்துவிடும். ஆனால் இக்காடுகளின் அண்மைக்கால வரலாற்றில் வண்டுக்கு நிகராக விவாதிக்கப்பட்டது வனத்துறையின் கோடரி.

மரப்பட்டையின் இடுக்குகளில் வண்டு முட்டையிடுகிறது. பொரித்து வரும் புழு முதலில் பட்டைக்கு அடியிலுள்ள மென்மரத்தைத் தின்று, பின்னர் வைரம் பாய்ந்த நடுமரத்துக்குள் புகுந்துவிடுகிறது. வலுவான மரம் பிசினைச் சுரந்து புழுவை மூழ்கடித்துக் கொன்றுவிடும். முதிர்ந்த மரங்கள், வறட்சியால் நலிந்த மரங்கள், காற்றில் சாய்ந்த மரங்கள் ஆகியவையே வழக்கமாக இரையாகின்றன. ஆனால் வண்டுகளின் எண்ணிக்கை அளவுகடந்து பெருகும்போது நல்ல மரங்களும் தப்புவதில்லை. மரத்தின் அடியில் குவிந்து கிடக்கும் மரத்தூளே நோயின் அடையாளம்.

பிரிட்டிஷ் ஆட்சியில், 1923 முதல் 1928 வரை இதே பகுதியில் பெரும் தாக்குதல் நிகழ்ந்தது. அதன் பின்னர் மிகக் கடுமையானது 1994-க்கும் 1999-க்கும் இடையே ஏற்பட்டது. அன்றைய மத்தியப் பிரதேசத்தில் சுமார் 5 லட்சம் ஹெக்டேர் காடுகளில் ஏறத்தாழ 30 லட்சம் மரங்கள் பாதிக்கப்பட்டன.

நோய் பரவாமல் தடுக்க, தாக்கப்பட்ட மரங்களை அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே வெட்டி அகற்ற வேண்டும் என்றது மாநில வனத்துறை. நோயைக் காரணம் காட்டி நல்ல மரங்களும் வெட்டப்படுகின்றன என்று குற்றம்சாட்டினர் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள். 1998-ல் இந்தப் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

நீலகிரியில் தொடங்கிய வழக்கு

இந்தப் பிரச்சினையில் நீதிமன்றம் தலையிட வழிவகுத்த வழக்குக்குத் தமிழகத்துடன் தொடர்பு உண்டு. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து, டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடுத்த வழக்கே அது. அவ்வழக்கில் 1996 டிசம்பர் 12-ல் பிறப்பித்த உத்தரவின் மூலம், நாடு முழுவதும் காடுகளில் மரம் வெட்டுவதைத் தனது கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்தது உச்ச நீதிமன்றம்.

அடுத்த கட்டமாக, 2000 பிப்ரவரி 14-ல், தேசியப் பூங்காக்கள் மற்றும் சரணாலயங்களிலிருந்து பட்டுப்போன, நோயுற்ற, சாகும் நிலையிலுள்ள அல்லது காற்றில் விழுந்த மரங்களை அகற்ற உத்தரவிடக் கூடாது என்று மாநில அரசுகளுக்கு அது தடை விதித்தது. சில பராமரிப்புப் பணிகளுக்குப் பின்னர் விலக்கு அளிக்கப்பட்டது.

இந்தத் தடைக்கு நியாயம் உண்டு. பட்டுப்போன மரம் காட்டுக்குப் பயனற்றதன்று. மரங்கொத்தி அதில் பொந்து குடைகிறது; பூஞ்சையும் பூச்சியும் அதை மட்கச்செய்து மண்ணுக்கு உரமாக்குகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, 'நோயுற்ற மரம்' என்ற முத்திரை மரக் கொள்ளைக்கு எளிய வழியாக இருந்து வந்தது.

வனத்துறையின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. சாய்ந்து கிடக்கும் சால மரம் வண்டுகளுக்கு நாற்றங்கால் போன்றது. கான்ஹா தேசியப் பூங்கா மண்டலா, பாலாகாட் மாவட்டங்களில் பரவியுள்ளது. பூங்காவின் எல்லைக்கோடு வண்டுக்குத் தெரியாது. அதே நேரத்தில், 1990-களின் தாக்குதலுக்கு நீதிமன்றத்தின் மீது பழிபோடவும் இயலாது. முதல் தடை உத்தரவு வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நோய் தொடங்கிவிட்டது.

பொறி மரம்

இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே ஒரு வழி நெடுங்காலமாகவே இருக்கிறது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்கும் 'பொறி மரம்' என்ற முறை அது. மழை தொடங்கியதும் ஒருசில சால மரங்களை மட்டும் வெட்டித் துண்டுகளாக்கி, அவற்றின் பட்டையை நைத்துக் காட்டில் ஆங்காங்கே போடுகின்றனர். கசியும் சாற்றின் மணத்துக்கு வெகு தொலைவிலிருந்தும் வண்டுகள் வந்து மொய்க்கின்றன. சாற்றைக் குடித்து மயங்கிக் கிடக்கும் அவற்றைக் கையாலேயே பொறுக்கி அழித்துவிடலாம். 1990-களில் கோண்டு, பைகா பழங்குடியினர்தாம் இப்பணியில் ஈடுபட்டனர். பிடித்த வண்டுகளின் தலையை எண்ணிக் கூலி வழங்கப்பட்டது.

இம்முறைக்கு மருந்துத் தெளிப்பு தேவையில்லை. ஆயிரக்கணக்கில் மரம் வெட்டவும் வேண்டியதில்லை. ஆனால் காலம் தவறக் கூடாது. வண்டு வெளிவரும் சில வாரங்களுக்குள் முடிக்காவிட்டால் முட்டை மரத்துக்குள் சென்றுவிடும். ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்பதால், ஒரு மழைக்காலத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான் வாய்ப்பு. கோப்பு போபாலுக்கும் தில்லிக்கும் சென்று திரும்பும் வரை வண்டு காத்திருப்பதில்லை.

தீர்மானிப்பது யார்?

ஒரு மரம் நோயுற்றதா என்பதைத் தீர்மானிக்கும் துறையே அந்த மரத்தை விற்று வருவாயும் ஈட்டுகிறது. சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது. இந்த நிலை நீடிக்கும் வரை வனத்துறையின் நேர்மையான கணக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகும். சந்தேகம் இருக்கும் வரை நீதிமன்றத் தடையும் தளராது. நோய்க்காக வெட்டப்படும் மரத்தைக் காட்டிலேயே பட்டையுரித்துப் பொறியாகப் பயன்படுத்துவதும், விற்பனையிலிருந்து அதைப் பிரிப்பதும் இதற்கான முதல் படி.

இரண்டாவது படி, காட்டில் வாழ்வோரைச் சாட்சிகளாக்குவது. சால இலையில் தொன்னையும் உண்கலமும் தைத்து, சால விதையைப் பொறுக்கி விற்றுப் பிழைக்கும் பழங்குடியினருக்கு அந்த மரம் வாழ்வாதாரம். மரத்தடியில் புதிதாகத் தூள் கொட்டியிருப்பதை முதலில் காண்பவர்களும் அவர்களே. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டையும் வன உயிரினங்களையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு வழங்கியுள்ளது. வெட்டப்படும் ஒவ்வொரு மரத்தையும் கிராம சபை பார்த்து ஒப்புதல் அளிக்கும் முறை வந்தால், நல்ல மரத்தின் மீது கோடரி விழுவது கடினம். நோயுற்ற மரத்தை அகற்றக் காலதாமதமும் நேராது.

கூலிக்கு வண்டு பிடிக்க அழைக்கப்பட்டவர்களிடம், எந்த மரத்தை வெட்டலாம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஒவ்வோர் ஆண்டும் மழை தொடங்குவதற்கு முன்பே இதைக் கேட்டாக வேண்டும்.