கார் கிளம்ப மறுக்கிறதா? சத்தத்தைக் கேளுங்கள்!

விடியற்காலை. குழந்தைக்குக் கடும் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தகப்பனார் சாவியைத் திருப்புகிறார். கார் கிளம்பவில்லை!

சின்னக் கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது பழகிய தொல்லை. 1983-ம் ஆண்டு வந்த "மாருதி 800" காரின் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

கோளாறு என்ன என்று காரே சொல்லும். காது கொடுத்துக் கேட்டால் போதும்.

"டிக், டிக்"

இந்தச் சத்தம் மட்டும் கேட்டால் முன்விளக்கைப் போட்டுப் பாருங்கள். மங்கலாக எரிகிறதா? பாட்டரியில் சக்தி இல்லை. அதன் முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தாலும், வயர் தளர்ந்திருந்தாலும் மின்சாரம் சரியாக ஓடாது. விளக்கு பளிச்சென்று எரிந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகிக்கலாம்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை!

என்ஜின் சுற்றியும் கிளம்பாவிட்டால், பெட்ரோல் வரவில்லை. அல்லது பிளக்கில் தீப்பொறி இல்லை. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிக்குக் குளிர்ந்த காலையில் "சோக்"கை இழுக்கவேண்டும். அளவுக்கு மேல் இழுத்தால் பெட்ரோல் பெருகி, பிளக் நனைந்துவிடும்!

ஜாக்கிரதை!

பாட்டரியில் இருந்து வரும் வாயு தீப்பிடிக்கும். அருகில் தீக்குச்சி கிழிக்காதீர்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் என்ஜின் உடைந்துபோகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. குழந்தை தவிக்கும்போது காருடன் மல்லுக்கு நிற்கவேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

காரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்!