குடவோலையும் கணிப்பொறியும்

மாணவர்களே, குடகனாற்றை அடுத்த ஊர்களில் 300 கிணறுகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவுகளால் அப்பகுதியில் பல இடங்களில் நிலத்தடி நீர் கெட்டது நீங்கள் அறிந்ததே. பத்துக் கிணறுகளை மட்டுமே சோதிக்க இயலுமாயின், எந்தப் பத்தைத் தேர்வது? சாலையோரக் கிணறுகள் நடப்பதற்கு எளியவை. தெரிந்தவர் தோட்டத்துக் கிணறுகள் கேட்பதற்கு எளியவை. அவ்வாறு தேர்ந்தால், கிடைக்கும் முடிவு நீரின் நிலையைக் காட்டாது; நமது வசதியையே காட்டும். எனவே, எவர் விருப்பமும் கலவாத எண்கள் வேண்டும். அவற்றையே சமவாய்ப்பு எண்கள் என்கிறோம்.

இத்தேவையை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அங்குச் சபை வாரியங்களுக்குத் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதி, 30 குடும்புகளுக்கும் தனித்தனிக் கட்டுகளாக்கிக் குடத்தில் இட்டனர். உள்ளிருப்பது இன்னதென்றறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டின் ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கிய பின், அவனே ஓர் ஓலையை எடுத்துக் கொடுப்பான். அதனை வாங்குபவர் ஐந்து விரல்களும் விரிந்த உள்ளங்கையில் ஏற்றுப் படிக்க வேண்டும். அறியாமை, குலுக்கல், ஒளிவின்மை ஆகிய மூன்றும் அங்கே காவல் நின்றன.

இன்று கணிப்பொறியின் கட்டளை வரியில் ‘ஷஃப்’ என்னும் லினக்ஸ் கட்டளையை இட்டு, 1 முதல் 300 வரை பத்து எண்கள் கேட்டால், நொடியில் கிடைக்கும். ஆனால் கணிப்பொறி விதிப்படி நடக்கும் கருவி. அஃது எவ்வாறு குலுக்குகிறது?

ஒரு சிறு கணக்கைச் செய்து பாருங்கள். 7ஐ ஐந்தால் பெருக்கி, 3 கூட்டி, 16ஆல் வகுத்தால் மீதி 6. அந்த 6ஐயும் அவ்வாறே செய்தால் 1. பின்னர் 8, 11, 10, 5 என வரும். ஒழுங்கற்றதாகத் தோன்றினும், பதினாறு எண்களுக்குப் பின் 7 மீண்டும் வந்துவிடும். தொடக்கமான 7ஐ விதையெண் என்பர். அதனை அறிந்தவன் வரிசை முழுவதையும் முன்னரே சொல்லிவிடுவான். கணிப்பொறியின் விதி இதனினும் மிகப் பெரிது. எனினும் விதி விதியே.

ஆதலால், கடவுச்சொல் போன்ற மறைபொருளுக்கு இத்தகைய எளிய வரிசை உதவாது. அதற்கு, விசை தட்டும் நேரங்களில் காணும் நுண்ணிய வேறுபாடுகள் போன்ற புறநிகழ்ச்சிகளிலிருந்து கணிப்பொறி தன் விதையைத் திரட்டுகிறது. கிணற்று ஆய்விலோ, விதையெண்ணைக் குறித்து வைத்தல் நன்று. பிறரும் அதே வரிசையை எழுப்பிச் சரிபார்க்கலாம். குறித்த பின்னர், வந்த எண் தொலைவிலுள்ள கிணற்றைக் காட்டினும் மாற்றாமல் அங்கே நடந்து செல்ல வேண்டும். பிடிக்காத எண்ணைத் தள்ளி மறுமுறை குலுக்குபவன், குடத்துக்குள் எட்டிப் பார்த்தவனே ஆவான்.