புற்றுநோயும் யோகப் பயிற்சியும்

புற்றுநோய் உற்றார்க்கு உடலின் நோவோடு உள்ளத்தின் அச்சமும் சேர்ந்து வருகின்றது. அச்சம் உறக்கத்தைக் கெடுக்கும். உறக்கமின்மை சோர்வை மிகுவிக்கும். இத்துன்பத்தைத் தணிக்க யோகப் பயிற்சி உதவுமாவென ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் சர்வகலாசாலையார், சிகிச்சை முடிந்த 410 பேரைக்கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2013-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவருள் ஒரு பகுதியார் வாரம் இருமுறை, முறைக்கு 75 நிமிஷமாக, நான்கு வாரம் எளிய ஆசனங்களும் மூச்சுப் பயிற்சியும் தியானமும் பயின்றனர். அவர்கள் உறக்கம் ஏனையோரதினும் சீர்ப்பட்டது. நித்திரை மருந்தின் தேவையும் குறைந்தது.

ஆயினும் யோகம் புற்றுநோயைப் போக்கும் மருந்தன்று. அதனையே நம்பிச் சிகிச்சையைக் கைவிடுவோர் உயிரிழக்கவும் நேரும். வைத்தியர் அனுமதி பெற்றே பயிற்சியைத் தொடங்கல் வேண்டும். நோய் எலும்பிற் பரவியிருப்பின், முதுகை வளைத்தலும் முறுக்குதலும் எலும்பு முறிதற்கு ஏதுவாகலாம். மார்பகத்தில் சத்திரசிகிச்சை பெற்றோர் புண் ஆறுமுன் கைகளில் உடற்பாரத்தைத் தாங்கலாகாது.

தொடக்கத்தில் நாற்காலியில் நிமிர்ந்திருந்து, மூச்சை அடக்காது மெல்ல உள்வாங்கி, அதனினும் மெல்ல வெளிவிடுதல் ஐந்து நிமிஷம் நிகழினும் போதும். நோவாவது மயக்கமாவது தோன்றின் உடனே நிறுத்துக. நோயுற்றார் தனித்துப் பயிலாவண்ணம், அருகிருக்கும் நாமும் அவரோடு அமர்ந்து பயில்வது நலம்.