மூடி வைத்த மாவு

இட்லி மாவுக்காக நாம் செய்வது ஊறப்போடுவது, அரைப்பது, உப்புப் போட்டுக் கரைப்பது. அதோடு சரி. ராத்திரி முழுக்க நடப்பது நம் கை படாமலே நடக்கிறது. அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் லூக்கோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் மாவின் சர்க்கரையைத் தின்று புளிப்பையும் கரியமில வாயுவையும் விடுகின்றன. அந்த வாயுவை உளுந்தின் கொழகொழப்பு ஓடவிடாமல் பிடித்துவைக்க, விடிவதற்குள் மாவு பொங்கிவிடுகிறது.

நான் கட்டடக்கலை படிக்கிறேன். டிசைன் சப்மிஷனுக்கு முந்தைய ராத்திரிகள் எங்கள் ஹாஸ்டலில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். தூங்குகிறவன் சோம்பேறி என்பது அங்கே எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் இந்த மாவு உடைக்கிறது.

மூளையும் இந்த மாவு மாதிரிதான். 2004-இல் ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். எண் வரிசைகளை விதிப்படி மாற்றிக்கொண்டே போக வேண்டும். அதற்குள் ஒரு குறுக்குவழி ஒளிந்திருக்கும், அதைச் சொல்லமாட்டார்கள். கொஞ்சம் பழகிவிட்டு எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவர்களில் அதைக் கண்டுபிடித்தவர்கள், விழித்தே இருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். எனக்குப் பிடித்தது இதன் இன்னொரு பாதிதான்: முன்னால் பழகாமல் வெறுமனே தூங்கி வந்தவர்களுக்கு அந்த ஆதாயம் எதுவும் கிடைக்கவில்லை. அரைக்காத அரிசியை எத்தனை நேரம் மூடி வைத்தாலும் அது இட்லி மாவு ஆகாது. 'ரெஸ்ட் எடுத்தா ஐடியா தானா வரும்' என்கிற எங்கள் கேங்கின் இன்னொரு பிரிவுக்கு இதை அச்சடித்துக் கொடுக்கலாம்.

சரி, அரைப்பது என்றால் என்ன? ஒரு சின்ன நூலகத்துக்கு பிளான் போடுகிறோம் என்று வையுங்கள். படிக்கட்டை வடக்கே வைத்தால் வாசிப்பு மேசைக்கு வரும் வெளிச்சம் தடைபடுகிறது. தெற்கே வைத்தால் நுழைவாயில் இடிக்கிறது. டிரேசிங் தாளை மேலே மேலே போட்டு ஒவ்வொன்றாக வரைந்து, அடித்து, எது எதோடு இடிக்கிறது என்பது கைக்கே தெரிகிற அளவுக்குப் போக வேண்டும். மொபைலை ஒரு கையில் வைத்துக்கொண்டு இது நடக்காது. நிறுத்தி நிறுத்தி ஓட்டிய கிரைண்டரில் உளுந்து பந்துபோல வராது.

பிறகு மூட வேண்டும். தூக்கத்தில், பகலில் புதிதாகக் கற்றதை மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. பழைய நினைவுகளோடு புதியது இணைவது அப்போதுதான் என்று கருதுகிறார்கள். நைட் அவுட் அடிப்பவன் அந்த வேளையைத்தான் வெட்டி எறிகிறான். அவன் குடிக்கும் காபி என்ன செய்கிறது என்றால், களைப்பைச் சொல்லும் அடினோசினை மூளையில் உட்காரவிடாமல் தடுக்கிறது. ஆப்பசோடா போட்ட மாவு மாதிரி: உப்பும், புளிக்காது.

பிரெஞ்சுக் கணிதமேதை ஹென்றி பாயின்கரே பல நாள் மேசையில் முட்டிமோதிய ஒரு கணக்குக்கு, வெளியூர் போன இடத்தில் வண்டிப் படியில் கால் வைத்த நொடியில் விடை கிடைத்ததாக எழுதியிருக்கிறார். இந்தக் கதையை எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தான் வசித்த கான் நகருக்குத் திரும்பியதும் உட்கார்ந்து அதைச் சரிபார்த்ததையும் அவரே சொல்கிறார்.

அதிகம் விட்டாலும் ஆபத்துதான். படித்ததைத் திரும்பத் தொடாவிட்டால் எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்பதை உளவியலாளர் எபிங்காஸ் 1885-லேயே அளந்து எழுதிவிட்டார். வாரக்கணக்கில் மூடியே கிடக்கும் டிசைன் ஃபைல் புளித்து நுரைத்து, கரைத்தவனுக்கே அடையாளம் தெரியாமல் போகும்.

அதனால் எங்கள் ஸ்டுடியோவில் தலைப்பு கொடுத்த அன்றே, அரைகுறையாகவாவது, சாயந்தரம் உட்கார்ந்து அரைத்துவிடுகிறேன். அப்புறம் கிரிக்கெட், சாப்பாடு, தூக்கம். மறுநாள் காலை புதுத் தாளில் படிக்கட்டிலிருந்து ஆரம்பம். மனப்பாடப் பேப்பர்களுக்கு இந்த வைத்தியம் முழுக்கச் செல்லாது. அதற்குப் பழையபடி உருப்போடத்தான் வேண்டும்.